சுபேதார் சுப்பிரமணியனும் மின்யானோ கண்ணிவெடியும்

கேட்டிருந்தது இதுதான்: இரண்டாம் உலகப் போரில், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிரை விட்ட தமிழர் ஒருவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கொடுத்தார்களாமே, அவர் யார்? அவ்வளவு பெரிய காரியத்துக்கு விக்டோரியா கிராஸ் ஏன் தரவில்லை? இப்படிப் பாய்வது யோசித்துச் செய்வதா, அந்த நேரத்து வேகத்தில் தானாக நடந்துவிடுவதா?

அவர் பெயர் சுப்பிரமணியன். ராணுவ ஆவணங்களில் இனிஷியல்கூட இல்லாமல் அந்த ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரம் பக்கம், கீழ் ஒட்டிவாக்கம் அவருடைய ஊர். 1912-இல் பிறந்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படையில் சுபேதார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்ற ஊருக்கு அருகே இறந்தார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது.

கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. இந்த மாதிரிச் செயல்களைப் பற்றிப் பேசும்போது 'உணர்ச்சி வேகத்தில் பாய்ந்துவிட்டார்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சுப்பிரமணியன் விஷயத்தில் அது பொருந்தவே பொருந்தாது. அந்த இடத்தில் அடுத்து என்ன நடக்கும், எத்தனை வினாடியில் நடக்கும், தான் பிழைக்க என்ன செய்யலாம், மற்றவர்கள் பிழைக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த மனிதர் அவர். அது அவருடைய தொழில். தெரிந்தே செய்தார் என்பதுதான் அவர் கதையில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த வேலையையும் அந்த வெடியையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். நேப்பிள்ஸிலிருந்து ரோமுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலை, அதாவது 6-ஆம் எண் சாலை, மின்யானோ அருகே இரண்டு பக்கமும் மலை நெருக்கும் ஒரு கணவாய் வழியாகப் போகிறது. அதைத் தாண்டி வடமேற்கே கொஞ்ச தூரத்தில் கசினோ என்ற ஊர். 1943 கடைசியில் ஜெர்மன் படை இந்தக் கணவாயைப் பிடித்து வைத்துக்கொண்டு நேச நாட்டுப் படைகளை வாரக்கணக்கில் தடுத்தது. மோன்டே லுங்கோ, சான் பியெத்ரோ என்று ஒவ்வொரு குன்றுக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனியாகச் சண்டை நடந்தது. பிறகு ஜெர்மானியர் கசினோ மலைத்தொடருக்குப் பின்வாங்கினார்கள். போகும்போது வழியெல்லாம் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனார்கள். சாலை ஓரம், வாய்க்கால் கரை, ஆலிவ் தோப்பு, இடிந்த வீட்டு வாசல், வண்டி நிறுத்தத் தோதான சமதரை என்று எங்கே மனிதன் காலை வைப்பான் என்று யோசித்து யோசித்துப் புதைத்திருந்தார்கள்.

1944 பிப்ரவரியில் 4-வது இந்திய டிவிஷன் கசினோ முனைக்கு வந்தது. எரித்ரியாவில் கெரன், எகிப்தில் எல் அலமைன், பிறகு துனிசியா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வந்த படை அது. பிப்ரவரி 15 அன்று மலை உச்சியில் இருந்த பழைய மடாலயத்தை விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்தன. அதைத் தொடர்ந்து நடந்த தாக்குதல் தோற்றது. அடுத்த தாக்குதலை பிப்ரவரி 24-இல் தொடங்குவதாகத் திட்டம் இருந்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. சேறும் வெள்ளமுமாகி, கடைசியில் மார்ச் 15-ஆம் தேதிதான் அது தொடங்கியது. தாக்குதல் நடக்காத நாட்களில் காலாட்படை பதுங்குகுழியில் காத்திருக்கும். பொறியியல் படைக்கு அப்படி ஒரு நாளும் கிடையாது. சாலையைச் சரிசெய்ய வேண்டும், பாலம் போட வேண்டும், பின்னால் வரும் லாரிக்கும் பீரங்கிக்கும் இடம் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். வரலாற்றுப் புத்தகங்கள் 'மழையால் ஒத்திவைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் அந்த பிப்ரவரி 24-ஆம் தேதியில்தான் சுப்பிரமணியன் இறந்தார்.

சரி, கண்ணிவெடி அகற்றுவது என்றால் என்ன? பலரும் நினைப்பது போலக் கருவியை வீசிக்கொண்டே நடந்து போவது இல்லை அது. ஒரு குழு வரிசையாகப் போகும். முதல் ஆள் கையில் மின்காந்தக் கருவி. போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெஃப் கோசாட்ஸ்கி போரின் நடுவில் ஸ்காட்லாந்தில் இருந்தபோது வடிவமைத்தது. எடை கிட்டத்தட்ட 14 கிலோ. நீளமான கம்பின் முனையில் தட்டு, முதுகில் பெட்டி, காதில் ஹெட்ஃபோன். தரைக்கு மேலே தட்டை இடமும் வலமும் மெதுவாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். அடியில் உலோகம் இருந்தால் காதில் சத்தம் மாறும். மாறினால் நிற்க வேண்டும். அப்புறம் படுத்து, துப்பாக்கி முனைக் கத்தியான பயோனெட்டைச் சாய்வாகப் பிடித்து, மண்ணுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திப் பார்க்க வேண்டும். நேராக மேலிருந்து குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்வாகக் குத்தினால் அதன் பக்கவாட்டில் இடிக்கும். தட்டுப்பட்டதும் சுற்றியுள்ள மண்ணை விரலால் விலக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் வெள்ளை நாடாவைத் தரையில் விரித்துக்கொண்டே வருவார். சோதித்து முடித்த பாதையின் எல்லை அது. நாடாவுக்கு உள்ளே கால் வைத்தால் உயிர், வெளியே வைத்தால் உத்தரவாதம் இல்லை. பின்னால் வருகிறவர்கள் அந்த நாடாவை மட்டும் நம்பித்தான் வருவார்கள். ஆனால் கருவி முழுக்க நம்பக்கூடியது இல்லை. மாதக்கணக்கில் பீரங்கிச் சண்டை நடந்த மண்ணில் இரும்புச் சிதறல் எங்கும் கிடக்கும், கருவி ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். ஜெர்மானியர் மரப்பெட்டிக்குள் வைத்த வெடிகளையும் புதைத்தார்கள், அவற்றைக் கருவி அநேகமாகக் கண்டுகொள்ளாது. ஆக, எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்று தப்பிவிடும் என்பது அந்த வேலையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இப்போது அந்த வெடி. ஜெர்மானியரின் 'எஸ்-மைன்' என்ற ரகம். பால் தூக்குச்சட்டி அளவுக்கு ஒரு உருளை, சுமார் 4 கிலோ எடை. அதை மண்ணில் புதைத்துவிட்டால் மேலே மூன்று மெல்லிய கம்பி முனைகள் மட்டும் புல்லோடு புல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற வெடிகள் மிதித்த உடனே வெடித்து மிதித்தவரின் காலை எடுக்கும். இது அப்படி இல்லை. மிதித்தவுடன் உள்ளே திரி பற்றிக்கொள்ளும். சுமார் 4 வினாடி கழித்து அடியில் இருக்கும் மருந்து வெடித்து உருளையை மேலே தூக்கி எறியும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், அதாவது நிற்கிற மனிதனின் இடுப்பளவு உயரத்தில், அது வெடிக்கும். உள்ளே சுமார் 360 எஃகு குண்டுமணிகள். சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பறக்கும். 20 மீட்டருக்குள் நிற்கிறவர் பிழைப்பது அரிது. அதற்கு அப்பாலும் காயம் படும். ஒருவன் மிதித்தால் அவனுக்குப் பின்னால் வரிசையில் வருகிற அத்தனை பேரையும் சாய்க்கவேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த வெடி அது.

அந்த 4 வினாடியை எதற்கு வைத்தார்கள்? மிதித்தவன் இரண்டு மூன்று அடி தாண்டிப் போன பின், குழுவின் நடுவில் அது எழும்ப வேண்டும் என்பதற்குத்தான். ஆனால் அந்தத் தாமதமே விஷயம் தெரிந்தவனுக்கு ஒரு வாய்ப்பையும் கொடுத்தது. திரி பற்றும் சத்தம் கேட்ட உடனே ஓடக்கூடாது, இருந்த இடத்திலேயே தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துவிட வேண்டும். வெடி இடுப்பு உயரத்தில் சிதறுவதால் படுத்திருப்பவருக்கு மேலே பெரும்பாலான குண்டுமணிகள் போய்விடும். ஓடினால் செத்தோம், படுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. சாப்பர் படையில் சுபேதார் வரை வந்த ஒருவருக்கு இது மனப்பாடம். அவரே எத்தனையோ இளம் வீரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

அன்று நடந்தது இது. ஒரு லான்ஸ் நாயக், அதாவது சுபேதாருக்குக் கீழ்ப் பதவியில் இருந்த ஒரு வீரர், கருவியோடு முன்னால் போகிறார். அவருக்கு அடுத்து சுப்பிரமணியன், வெள்ளை நாடாவைப் போட்டுக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஒரு அதிகாரியும் சாப்பர்களும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். நாடா போடுவது சுபேதார் செய்தே ஆக வேண்டிய வேலை இல்லை. அன்றைய இந்திய ராணுவத்தில் சுபேதார் என்பது பெரிய பதவி, வீரர்களுக்கு அவர்தான் எல்லாம். பின்னால் நின்று மேற்பார்வை பார்த்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இரண்டாவது ஆளாக, வெடி இருந்தால் அடுத்த அடி தன்னுடையதாக இருக்கும் இடத்தில் நடந்தார்.

முன்னால் போன லான்ஸ் நாயக்கின் காலடியில் சின்னதாக ஒரு வெடிச்சத்தம். திரி பற்றிவிட்டது. சுப்பிரமணியன் அவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு அந்த வெடியின் மேலேயே விழுந்தார்.

மேலே விழுவதன் பொருள் என்ன என்பது அந்த வெடியின் அமைப்பு தெரிந்தால் புரியும். அது ஆளைக் கொல்ல முதலில் மேலே எழும்ப வேண்டும். ஒரு முழு மனிதனின் எடை மேலே கிடந்தால் அது எழும்ப முடியாது. மண்ணோடு சேர்ந்து அங்கேயே வெடிக்கும். அத்தனை குண்டுமணிகளையும் அந்த ஒரு உடம்பு வாங்கிக்கொள்ளும். அந்த வெடியை மற்றவர்களுக்கு ஆபத்தில்லாமல் ஆக்க அந்த 4 வினாடிக்குள் அங்கே இருந்த ஒரே வழி அது. அவர் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். சுப்பிரமணியன் இறந்தார், வரிசையில் இருந்த மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இதை உணர்ச்சி வேகம் என்று சொல்ல முடியுமா? உடம்பின் இயல்பான வேகம் விலகிப் போவதுதான். பயிற்சி கற்றுக்கொடுத்த வேகமும் குப்புறப் படுப்பதுதான். இரண்டுமே அவரைக் காப்பாற்றியிருக்கும். பிழைக்க எந்த அறிவு உதவுமோ, அதே அறிவை வைத்து அவர் நேர்மாறானதைச் செய்தார். முன்னால் போனவரைத் தள்ளிவிட்டது முக்கியமான சான்று. கண்மூடித்தனமாகப் பாய்கிறவர் முதலில் ஒருவரை விலக்கி, இடத்தைக் காலி செய்து, பிறகு சரியான இடத்தில் விழமாட்டார். அந்தச் சில வினாடியில் இரண்டு வேலையை வரிசை மாறாமல் செய்திருக்கிறார்.

இதே மாதிரி வேறு சம்பவங்களைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. அமெரிக்க மரைன் படையின் கார்ப்பரல் ஜேசன் டன்ஹம் 2004 ஏப்ரல் 14 அன்று இராக்கில் கைக்குண்டு ஒன்றின் மேல் தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதன் மேல் படுத்தார். எட்டு நாள் கழித்து இறந்தார். கூட இருந்த இருவர் பிழைத்தார்கள். அவருக்கு அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. ஹெல்மெட்டால் கைக்குண்டை அடக்க முடியுமா என்று அதற்கு முன்பே தன் சகாக்களோடு அவர் பேசியிருந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. மனதுக்குள் கேள்வி ஏற்கெனவே வந்து, பதிலும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நேரம் வந்தபோது கை அதைச் செய்தது.

நம் ஊர்ப் பக்கமே ஒரு சம்பவம் உண்டு. நாயக் கிர்பா ராம், ஃப்ரன்டியர் ஃபோர்ஸ் ரைஃபிள்ஸ் படைக்காரர். 1945 செப்டம்பர் 12 அன்று, போர் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம், கர்நாடகத்தில் தொண்டேபாவியில் சுடும் பயிற்சி நடந்தது. ஒரு வீரர் துப்பாக்கியில் வைத்துச் சுட்ட கைக்குண்டு போக வேண்டிய தூரம் போகாமல் தம் ஆட்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. கிர்பா ராம் மற்றவர்களைப் பதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே அதை எடுத்து வீச ஓடினார். கையில் எடுத்தபோது வெடித்தது. அந்தப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் கிர்பா ராம். இப்படி ஓடுகிறவர் பல நேரம் அந்தக் கூட்டத்திலேயே அதிகம் தெரிந்தவராகவும் அதிகப் பொறுப்பில் இருப்பவராகவும் இருக்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறேன். அவருக்கும் ஜார்ஜ் கிராஸ்தான். அவர் குடும்பத்திடமிருந்து அந்தப் பதக்கம் திருடு போய், 2009-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்து, எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டது.

இனி விக்டோரியா கிராஸ் ஏன் தரவில்லை என்பதற்கு வருகிறேன். பலர் நினைப்பது போல இந்தியர் என்பதால் கீழே இறக்கிவிட்டார்கள் என்பது உண்மை இல்லை. விக்டோரியா கிராஸ் 1856-இல் ஏற்பட்டபோது இந்திய வீரர்களுக்கு அது கிடையாது என்பது உண்மைதான். 1911-இல் அந்தத் தடை நீங்கியது. 1914-இலேயே குதாதாத் கான் அதைப் பெற்றுவிட்டார். இத்தாலிப் போரிலும் இந்தியப் படையினர் பலர் அதைப் பெற்றார்கள். 19 வயது கமல் ராம் அதில் ஒருவர்.

விஷயம் வேறு. விக்டோரியா கிராஸ் எதிரியின் முன்னிலையில் செய்த வீரத்துக்கு மட்டும். எதிரி நேருக்கு நேர் இருக்க வேண்டும். 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ நேசப் படைகளின் கையில், முனைக்குப் பின்னால் இருந்தது. எதிரி போய்விட்டான், அவன் புதைத்தது மட்டும் இருந்தது. அந்தக் கணக்கில் அது விக்டோரியா கிராஸுக்கு வராது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஜார்ஜ் கிராஸ் வந்தது. 1940-இல் லண்டன் மேல் இரவு பகலாகக் குண்டு விழுந்தபோது, ராணுவத்தில் இல்லாத தீயணைப்பு வீரர்களும் வெடிக்காத குண்டைச் செயலிழக்கச் செய்தவர்களும் செய்ததைப் பார்த்து, ஆறாம் ஜார்ஜ் மன்னர் அந்த செப்டம்பரில் ஏற்படுத்தியது. வெள்ளிச் சிலுவை, நடுவில் புனித ஜார்ஜும் டிராகனும், அடர்நீல ரிப்பன். விக்டோரியா கிராஸுக்குச் சமமான மரியாதை அதற்கு உண்டு. 'இரண்டாம் தரம்' என்று சிலர் எழுதுவது தவறு. என்னைக் கேட்டால், சுடுகிறவன் எதிரே இல்லாதபோது, கோபமோ ஆவேசமோ தூண்டிவிட ஆளில்லாத அமைதியில் செய்யும் தியாகம் எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. அந்தக் காலத்தில் மிலிட்டரி கிராஸ் போன்ற மற்ற வீரப் பதக்கங்களை உயிரோடு இருப்பவருக்குத்தான் தருவார்கள், அதனால் இறந்துவிட்ட சுப்பிரமணியனுக்கு அவை கிடைத்திருக்காது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோடு எங்கே விழுகிறது என்பதற்கு இரண்டு உதாரணம். பிரேமிந்திர சிங் பகத், பம்பாய் சாப்பர்ஸ் படையின் இளம் அதிகாரி. 1941 தொடக்கத்தில் அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா) பின்வாங்கும் இத்தாலியப் படையை விரட்டிக்கொண்டு போன வழியில், நான்கு நாள் ஓய்வில்லாமல் 15 கண்ணிவெடி வயல்களைச் சுத்தம் செய்தார். வண்டி வெடித்துச் சிதறியது, காது பாதிக்கப்பட்டது, மறைந்திருந்த எதிரி சுட்டான். எதிரி இருந்ததால் அவருக்கு விக்டோரியா கிராஸ். அவர் பிழைத்து, பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். இன்னொரு பக்கம், சுப்பிரமணியன் இறந்து ஐந்து மாதம் கழித்து, 1944 ஜூலை 23 அன்று இத்தாலியிலேயே சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் படையின் ரோந்துக் குழு கண்ணிவெடி வயலுக்குள் மாட்டிக்கொண்டது. சவார் திட்டு ராம் ஒரு காலை இழந்த நிலையில் தவழ்ந்து போய், அடிபட்டுக் கிடந்த சகாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு இறந்தார். அவருடைய அதிகாரி லெப்டினன்ட் செயின்ட் ஜான் யங் மற்றவர்களை அசையாமல் நிறுத்தி வைத்துக் காப்பாற்றிவிட்டு இறந்தார். இருவருக்கும் ஜார்ஜ் கிராஸ். ஒருவர் வெள்ளைக்கார அதிகாரி, இன்னொருவர் சாதாரண இந்தியக் குதிரைப்படை வீரர், பதக்கம் ஒன்றுதான்.

சுப்பிரமணியன் சேர்ந்திருந்த படையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பலருக்கு அது பெங்களூருக்காரப் படை என்ற அளவில்தான் தெரியும். மெட்ராஸ் சாப்பர்ஸின் தொடக்கம் 1780. 19-ஆம் நூற்றாண்டில் பெங்களூருக்கு இடம் மாறி, இன்றுவரை அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. இன்றைய பெயர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். ராணுவம் முழுக்க இந்தப் படை வீரர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். முள்வேலியைத் தகர்க்க உலகமெங்கும் பயன்பட்ட பெங்களூர் டார்பிடோ என்ற நீளக் குழாய் வெடி 1912 வாக்கில் இந்தப் படையில்தான் உருவானது. சுப்பிரமணியன் பிறந்த ஆண்டும் அதுதான்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அதிகாரிகள் 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று ஒரு கொள்கையைக் கிளப்பினார்கள். மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதற்குப் பெரிதாக வக்காலத்து வாங்கினார். தென்னிந்தியர் சண்டைக்கு லாயக்கில்லை, வடமேற்கில் உள்ளவர்களே வீரர்கள் என்பது அதன் சாரம். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1928-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டே கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். அந்த இடைக்காலம் முழுவதும் தென்னிந்தியர்களை விடாமல் சேர்த்துக்கொண்டிருந்தது சாப்பர் படை. வேலை தெரிந்த, பல சாதிக்காரர்களும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகக் குழி வெட்டிய படை. அந்தப் படையின் ஒரு செங்கல்பட்டுக்காரர் மின்யானோவில் செய்ததை அந்தக் கொள்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கொள்கை எவ்வளவு பெரிய பொய் என்பது தெரியும்.

'எல்லாம் சரி, வெள்ளைக்காரனுக்காகத்தானே செத்தார்' என்ற கேள்வி இந்தப் பேச்சு எடுத்தாலே வரும். நியாயமான கேள்வி. 1944-இல் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். முந்தைய ஆண்டு வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் செத்தார்கள். அந்த அரசின் சீருடையைப் போட்டுக்கொண்டு இத்தாலியில் நின்ற 50,000 போல் இந்திய வீரர்களில் 5,700-க்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. அவர்கள் எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதற்குச் சம்பளம், குடும்பம், ஊர்ப் பழக்கம், நாஜிகள் மேல் வெறுப்பு என்று ஆளுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதைப் பற்றிய அரசியல் விவாதத்தை நடத்தவே வேண்டும். ஆனால் சுப்பிரமணியன் எந்தச் சாம்ராஜ்யத்தின் மேலும் விழவில்லை. தனக்கு ஒரு அடி முன்னால் நின்ற தன் படையாளையும், தான் போட்ட நாடாவை நம்பிப் பின்னால் வந்தவர்களையும் காப்பாற்ற விழுந்தார். அவர்கள் பிரிட்டிஷ் அரசு இல்லை, அவரோடு ஒரே வரிசையில் நடந்த மனிதர்கள். காலனி ராணுவம் என்று சொல்லி இந்தச் செயலை ஒதுக்கிவைப்பது சரி என்று எனக்குப் படவில்லை. சுதந்திர இந்தியா அப்படி ஒதுக்கவும் இல்லை. 1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரி போகும் வழியில் கண்ணிவெடியையும் தடுப்புகளையும் அகற்றிய பம்பாய் சாப்பர் அதிகாரி ராம ராகோபா ராணேவுக்குப் பின்னாளில் பரம் வீர் சக்கரம் கொடுத்தது. அவர் செய்ததும் அதே வேலைதான்.

இடையிடையே கண்ணில் படும் ஒரு தவறையும் திருத்திவிடுகிறேன். சுப்பிரமணியனுக்குப் பரம் வீர் சக்கரம் கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, அது 1950-இல்தான் ஏற்பட்டது. இன்றைய இந்திய முறையில், எதிரி முன்னிலையில் இல்லாத உச்ச வீரத்துக்கு அசோக சக்கரம். ஜார்ஜ் கிராஸோடு ஒப்பிட வேண்டுமானால் அதைத்தான் சொல்லலாம்.

நம் பாடப் புத்தகங்களிலும் பொதுப்பேச்சிலும் இவர் பெயரை நான் பெரிதாகக் கண்டதில்லை. வருத்தமாக இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகளிலாவது இவரைப் பற்றி ஒரு பக்கம் சொல்லிக் கொடுக்கலாம். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், பாடத்திட்டத்துக்குக் காத்திருக்காமல் ஒரு காலைக் கூட்டத்தில் சொல்லுங்கள். பிப்ரவரி 24 நல்ல தேதி.

நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இத்தாலியில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கென்று அப்ரூட்ஸோ பகுதியில் சாங்ரோ ஆற்றுப் போர் மயானத்தில் தனி நினைவகம் இருக்கிறது. கசினோ மயானத்திலும் இந்தியப் பெயர்கள் நிறைய. அவ்வளவு தூரம் வேண்டாம், லண்டன் போகிற வேலை இருக்கிறது என்றால், ஹைட் பார்க் கார்னரில் இறங்கி கான்ஸ்டிட்யூஷன் ஹில் முனைக்கு நடங்கள். இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் வீரர்களுக்காக 2002-இல் திறந்த நினைவு வாயில் அங்கே இருக்கிறது. தூண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குடைமண்டபம். அதன் உட்கூரையில் இரண்டு உலகப் போர்களிலும் விக்டோரியா கிராஸும் ஜார்ஜ் கிராஸும் பெற்ற அந்நாட்டு வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அண்ணாந்துதான் படிக்க வேண்டும், நிதானமாகத் தேடுங்கள்.